கிழமை பார்த்துப் போங்கள்: தாய்லாந்தின் சந்தைகளுக்கும் இரவுகளுக்கும் ஒரு வழிகாட்டி

பாங்காக் போகிறோம், எங்கே என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கிழமையில் இறங்குகிறீர்கள்? தாய்லாந்தின் நல்ல சந்தைகள் எல்லாம் கிழமைக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டவை. சனிக்கிழமை மனிதத் தலையாக இருக்கும் தெரு, செவ்வாய்க்கிழமை வெறும் தெரு. நள்ளிரவில் பூக்குவியலாக இருக்கும் நடைபாதை, நண்பகலில் தூங்கி வழியும். நம் வாரச்சந்தைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் வெளிநாடு என்றதும் எல்லாம் எப்போதும் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பயணத்தில் ஒரு திங்கட்கிழமை சியாங் மாயில் இறங்கினேன். பழைய நகரத்தின் நடுவே ஓடும் ராட்சதம்னோன் சாலையைத் தேடிப் போனால், நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களும் இரண்டு காபிக் கடைகளும்தான் இருந்தன. அந்தச் சாலையே கடைவீதியாக மாறியது முந்தைய நாள் மாலை. அடுத்த ஞாயிறு வரை தங்க விடுப்பு இல்லை. அந்த ஏமாற்றம் உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: கிழமைகளை அடுக்குங்கள்

விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பாங்காக்கின் சட்டுச்சாக் சந்தை முழுமையாக நடப்பது சனி, ஞாயிறு பகலில், காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. புதன், வியாழனில் அங்கே செடி கொடிகள்தான் கிடைக்கும். சியாங் மாயில் சனிக்கிழமை மாலை வுவாலாய் சாலை, ஞாயிற்றுக்கிழமை மாலை தா பே வாசலிலிருந்து ராட்சதம்னோன் சாலை. பாங்காக்கிலிருந்து தென்மேற்கே சமுத் சொங்க்ராம் மாகாணத்தில் இருக்கும் அம்பாவா மிதக்கும் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு பிற்பகலில் தொடங்கி இரவு வரை. பூக்கெட் பழைய நகரத்தின் தலாங் சாலையில் ஞாயிறு மாலைச் சந்தை.

இப்படி எழுதிப் பார்த்தாலே வார இறுதிதான் இறுக்கம் என்பது தெரிந்துவிடும். நான் சொல்லும் கணக்கு இது. வெள்ளி காலைக்குள் பாங்காக்கில் இருங்கள். சனி காலை சட்டுச்சாக். ஞாயிறு காலை விமானத்தில் சியாங் மாய். பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி நேரந்தான். ஞாயிறு மாலை அங்கே தெருச் சந்தை. ஒரே வார இறுதியில் நாட்டின் இரண்டு பெரிய சந்தைகளையும் பார்த்துவிடலாம். துணிக்கடை, தங்கக்கடை, பேரங்காடி போன்றவை வார நாள்களிலும் திறந்திருப்பதால் அவற்றைச் செவ்வாய்க்கும் புதனுக்கும் தள்ளிவிடுங்கள். திங்கட்கிழமை மட்டும் ஒரு எச்சரிக்கை: பாங்காக்கில் தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றுக்கு அன்று விடுமுறை. சீன வட்டாரமான யாவராட்டுக்குத் திங்கள் இரவு போனால் பாதித் தெருதான் விழித்திருக்கும்.

பணம்

தாய்லாந்தின் நாணயம் பாட். 20, 50, 100, 500, 1000 என்று நோட்டுகள். 1, 2, 5, 10 என்று காசுகள். கடைகளில் கியூஆர் அட்டை மாட்டியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்நாட்டு வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கானவை. சந்தைக்கு ரொக்கம்தான் வேண்டும்.

ரூபாயாகக் கொண்டுபோய் அங்கே மாற்றினால் கையைக் கடிக்கும். மடிப்பில்லாத, கிறுக்கல் இல்லாத 100 டாலர் நோட்டுகளுக்கு நல்ல விலை கிடைக்கிறது. சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வரும் தளத்திலேயே மாற்றாதீர்கள். நகரத்துக்கு ரயில் பிடிக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினால், அங்கே வரிசையாக இருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் கூடுதலாகத் தருகிறார்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டைப் போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள்; எடுப்பதானால் ஒரே தடவையில் மொத்தமாக எடுங்கள்.

ஏடிஎம் தரும் 1000 பாட் நோட்டை 40 பாட் இளநீர்க்காரரிடம் நீட்டினால் அவர் பாவம். எதிரே தெரியும் செவன் இலெவன் கடையில் ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கி, நோட்டை அங்கேயே சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நோட்டிலும் காசிலும் இருப்பது மன்னரின் படம். கீழே விழுந்து காற்றில் ஓடுகிற நோட்டைக் காலால் மிதித்து நிறுத்துவது அங்கே பெரிய அவமதிப்பு. குனிந்து கையால் எடுங்கள்.

நகருக்குள் நடமாட்டம்

பாங்காக்கில் மேலே ஓடுவது பிடிஎஸ் ரயில், பெரும்பாலும் கீழே ஓடுவது எம்ஆர்டி. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள்; ஒன்றின் டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. எம்ஆர்டி வாசலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினாலே கதவு திறக்கும். பிடிஎஸ்ஸுக்குத் தனி டிக்கெட் அல்லது ராபிட் அட்டை வாங்க வேண்டும். இரண்டுமே நள்ளிரவோடு நின்றுவிடும் என்பதை இரவில் சுற்றுகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டாக்சியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். ஏறுவதற்கு முன்பே 'மீட்டர்' என்று சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வண்டி. கிராப், போல்ட் செயலிகளில் தொகை முன்பே தெரிந்துவிடுவதால் இரவு நேரத்துக்கு அவையே நிம்மதி. துக்துக் என்னும் மூன்று சக்கர வண்டிக்கு மீட்டர் கிடையாது. ஆசைக்கு ஒரு முறை ஏறலாம், விலை பேசிவிட்டு.

சட்டுச்சாக்கில் தொலையாமல் இருக்க

15,000 கடைகள், 27 பிரிவுகள். இந்த எண்ணிக்கையைப் படிப்பது வேறு, அந்த வெயிலில் உள்ளே நிற்பது வேறு. தகரக் கூரைக்குக் கீழே ஒரு ஆள் அகலச் சந்துகள். காற்று நகராது. பதினொரு மணிக்கு மேல் உள்ளே போனவர்கள் அரை மணி நேரத்தில் வாங்கும் ஆசையை இழந்து நிழல் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்கு உள்ளே இருங்கள்; ஒரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

பலரும் பிடிஎஸ் மோ சிட் நிலையத்தில் இறங்கிக் கூட்டத்தோடு நடக்கிறார்கள். எம்ஆர்டியில் கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் படியேறியதுமே சந்தைக்குள் இருப்பீர்கள். சந்தையைச் சுற்றி ஒரு அகலமான பாதை வளையமாக ஓடுகிறது, நடுவில் மணிக்கூண்டு. வழி தவறினால் மணிக்கூண்டைப் பிடியுங்கள். கூட வந்தவர்கள் பிரிந்துபோனால் சந்திக்கும் இடமாகவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியங்களுக்கு 7ஆம் பிரிவு. பழைய ஜீன்ஸ், பழைய தோல்காலணி தேடுகிறவர்களுக்கு 5, 6. எல்லாப் பிரிவையும் பார்ப்பது யாராலும் ஆகாத காரியம்; மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பொருள் பிடித்திருந்தால், சுற்றிவிட்டு வந்து வாங்கலாம் என்று மட்டும் நகராதீர்கள். அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பிரிவு எண், சந்து எண், கடை எண் மூன்றும் கடையின் நெற்றியில் எழுதியிருக்கும். அதைப் படமெடுத்துக்கொண்டு நகருங்கள்.

அலுத்துப்போனால் சாலையைக் கடந்து ஓர் தோர் கோர் சந்தைக்குப் போங்கள். தாய்லாந்தின் முதல்தரப் பழங்களை அடுக்கிவைத்திருக்கும் சந்தை அது. விலை கூடுதல்தான். ஆனால் அங்கே உரித்துத் தரும் ஒரு சுளை துரியானைச் சாப்பிட்ட பிறகு, அந்தப் பழத்தைப் பற்றி அதுவரை கேட்ட ஏச்சுகள் எல்லாம் மறந்துபோகும். மீதியை மட்டும் விடுதிக்குக் கொண்டுபோகாதீர்கள். வாசலிலேயே துரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள்.

பேரம்: தணிந்த குரலில், கால்குலேட்டரோடு

சொன்ன விலையில் பாதி கேள் என்று யாராவது சொல்லி அனுப்பியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். சந்தையில் 10 முதல் 20 விழுக்காடு குறைப்பார்கள். இரண்டு மூன்று எடுத்தால் இன்னும் கொஞ்சம். விலைச்சீட்டு ஒட்டிய பொருளுக்கும் பேரங்காடிக்கும் சாப்பாட்டுக்கும் பேரம் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்காகவே நடக்கும் இரவுக் கடைகளில், குறிப்பாகப் பாட்போங் போன்ற இடங்களில், முதல் விலையையே ஏற்றிச் சொல்வார்கள். அங்கே துணிந்து கேட்கலாம்.

'தாவ் ராய்?' என்றால் எவ்வளவு. 'லொத் தாய் மாய்?' என்றால் குறைக்க முடியுமா. ஆண்கள் பேச்சின் முடிவில் 'க்ராப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்க்க வேண்டும். அந்த ஒற்றைச் சொல் இல்லாவிட்டால் பேச்சு முரட்டுத்தனமாகக் கேட்கும். விலையைக் கடைக்காரர் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுவார். நீங்களும் உங்கள் விலையை அதில் அடித்துக் காட்டுங்கள். குரலை உயர்த்தினால் பேரம் அங்கேயே முடிந்தது. சிரித்த முகம் மாறாமலே கால்குலேட்டரை உள்ளே வைத்துவிடுவார்கள். கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்ட பிறகு வேண்டாம் என்று நகர்வது மிகவும் தவறு.

ஒரு காலை நேரம். யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை இரண்டு எடுத்தேன். 100 முதல் 200 பாட் வரை சொல்லும் பொருள். அம்மா ஒருவர்தான் கடையில் இருந்தார். நான் கொடுத்த நோட்டுகளை வாங்கியவர் பெட்டியில் போடவில்லை. அதைக் கையில் மடித்துப் பிடித்து, தொங்கிய சட்டைகள், அடுக்கிய கைப்பைகள், மூலையில் இருந்த தொப்பிகள் என்று ஒவ்வொன்றின் மேலும், அதிர்ஷ்டம் என்ற பொருளில் 'ஹெங், ஹெங்' என்று சொல்லித் தட்டிக்கொண்டே போனார். அன்றைய முதல் வியாபாரம். போணி! நம் கடைவீதியில் முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, அதே நம்பிக்கை, அதே கைப்பக்குவம். அவர் முதலில் சொன்னதைவிட 60 பாட் குறைத்துத்தான் கொடுத்திருந்தார். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், அடாவடி செய்யாமல் கேட்டால், வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது.

துணியும் பட்டும்

ஆயத்த ஆடைகளுக்குப் பாங்காக்கின் பிரத்துனாம் வட்டாரம். அங்கே பிளாட்டினம் என்னும் குளிரூட்டிய கட்டடத்தில் மாடி மாடியாகத் துணிக்கடைகள். ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் மொத்த விலை. பல கடைகளில் மூன்றும் ஒரே வடிவமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே கடையாக இருந்தால் போதும். கூட வந்தவர்களோடு சேர்ந்து எடுங்கள். போட்டுப் பார்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். உங்கள் அளவுச் சட்டையை நாடாவால் அளந்து, அந்தச் சென்டிமீட்டரைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

கெஜத்தில் வாங்குகிறவர்களுக்குப் பஹுராட். சீக்கியக் குருத்வாராவின் பொன்னிறக் குவிமாடத்தைச் சுற்றி வளர்ந்த இந்தியக் கடைவீதி அது. சேலை, சரிகை, வளையல், சாம்பிராணி எல்லாம் உண்டு. தாய்லாந்துக்குப் போய்ச் சேலை எதற்கு என்று கேட்கலாம். நான் அங்கே போவது லேசுத் துணிக்கும் பொத்தானுக்கும். அதிலிருந்து நடக்கும் தூரத்தில் சம்பேங் சந்து. மணி, நூல், நாடா, பொட்டலத் தாள், பொம்மை என்று மொத்தக் கடைகள். சந்து அவ்வளவு குறுகல், அதற்குள்ளேயே கைவண்டியும் மோட்டார் சைக்கிளும் வரும். பின்னாலிருந்து குரல் கேட்டால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள்.

பட்டில்தான் ஏமாற்றம் அதிகம். இரவுச் சந்தையில் 150 பாட்டுக்கு விற்கும் 'தாய் சில்க்' துப்பட்டா பட்டு அல்ல, பாலியஸ்டர். அழகாகத்தான் இருக்கும், பாலியஸ்டர் என்று தெரிந்து வாங்கினால் குற்றமில்லை. உண்மையான பட்டு வேண்டுமானால் மயில் முத்திரையைக் கேளுங்கள். அரசு அளிக்கும் தரச்சான்று அது, நான்கு நிறங்களில் வரும். தங்க மயில் என்றால் நாட்டுப் புழுவின் நூலில் மரபு முறைப்படி கையால் நெய்தது. வெள்ளி மயில் அதற்கு அடுத்தது. நீல மயில் தூய பட்டுதான், உற்பத்தி முறையில் தளர்வு உண்டு. பச்சை மயில் மற்ற நூல் கலந்தது. நூலுக்கு முதலில் சாயமிட்டு, பிறகு நெய்யும் 'மத்மீ' வகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நெய்த கோலத்தின் ஓரங்கள் லேசாகக் கலங்கித் தெரியும். கோடு கூர்மையாக, அச்சடித்ததுபோல் இருந்தால் அது அச்சடித்ததுதான்.

யாவராட்டில் தங்கம்

யாவராட் சாலையில் சிவப்பும் பொன்னுமாக ஜொலிக்கும் நகைக்கடைகளுக்கு முன் நம் ஆள்கள் நிற்காமல் போனதில்லை. உள்ளே போவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

'பாட்' என்பது அங்கே எடையின் பெயரும்கூட. ஒரு பாட் தங்க நகை 15.16 கிராம், நம் இரண்டு சவரனுக்குச் சற்றுக் குறைவு. கால் பாட்டுக்கு 'சலுங்' என்று பெயர், 3.79 கிராம். பலகையில் எழுதியிருக்கும் விலை ஒரு பாட் எடைக்கானது. அதைக் கிராம் விலை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். அடுத்து, தரம். தாய்லாந்தின் வழக்கமான நகைத் தங்கம் 96.5 விழுக்காடு தூய்மை கொண்டது. நம் 22 காரட் 91.6. ஆகவே நிறம் இன்னும் அடர்ந்த மஞ்சள், உலோகம் இன்னும் மென்மை. மெல்லிய சங்கிலி எளிதில் வளையும். மூன்றாவது, விலையை அந்நாட்டுத் தங்க வணிகர் சங்கம் அறிவிக்கிறது. எல்லாக் கடையிலும் ஒரே விலைதான். கடைக்குக் கடை மாறுவது செய்கூலி மட்டுமே. பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான். எடையும் தூய்மையும் எழுதிய சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஊர் திரும்பும்போது சுங்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெண்களுக்கு இவ்வளவு கிராம், ஆண்களுக்கு இவ்வளவு கிராம் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று இந்தியாவில் சொல்லும் கணக்கு, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கானது. ஐந்து நாள் சுற்றுலா போனவர்களுக்குப் பொருந்தாது. வாங்கினால் அறிவித்து வரி கட்டிவிடுங்கள்.

இரவு

பாங்காக்கின் இரவு என்றதும் நம்மவர்கள் ஒரே வகை விளக்குகளை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஊரின் இரவில் எனக்குப் பிடித்த இடம் ஒரு பூச்சந்தை. பாக் க்ளோங் தலாட். ஆற்றோரம், எம்ஆர்டி சனாம் சாய் நிலையத்துக்குப் பக்கம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருந்தாலும் லாரிகள் வந்து சந்தை சூடு பிடிப்பது நள்ளிரவை ஒட்டித்தான். மூட்டை மூட்டையாகச் சாமந்தி, பனிக்கட்டித் தூளில் கிடத்திய மல்லிகை அரும்பு, கட்டுக் கட்டாக ஆர்க்கிட், இதழை ஒவ்வொன்றாக உள்ளே மடித்த தாமரை மொட்டு. நடைபாதையில் உட்கார்ந்து நீண்ட ஊசியில் மல்லிகை அரும்பைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். மாலைக்கு அவர்கள் சொல்லும் பெயரே 'புவாங் மாலை'. பத்து மணி வாக்கில் ரயிலில் போய்விட்டு, திரும்பும்போது செயலியில் வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஏழு மணிக்கு யாவராட்டில் சாப்பிடலாம். எம்ஆர்டி வாட் மங்கோன் நிலையம். சாலையோரம் நாற்காலி போட்டு அமர்ந்து, நியான் பலகைகளுக்குக் கீழே சாப்பிடும் அனுபவம் அது. கூட்டத்தில் பணப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

அந்த வட்டாரத்திலேயே பழைய கடைவீடுகளில் சின்னச் சின்ன மதுக்கூடங்கள் வந்திருக்கும் சந்தின் பெயர் நானா. சுகும்வித் சாலையிலும் ஒரு நானா உண்டு. அது முற்றிலும் வேறு, பாலியல் கேளிக்கைக்குப் பெயர்போன இடம். டாக்சியில் வெறும் 'நானா' என்றால் அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் 'யாவராட்' என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இசை வேண்டுமானால் வெற்றிச் சின்னம் அருகே 'சாக்சபோன்' என்னும் பழைய கூடத்தில் இரவுதோறும் மேடையில் வாசிக்கிறார்கள். குடிக்காதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பாங்காக்கில் அதே பெயர் கொண்ட ராட்சதம்னோன் அரங்கில் நடக்கும் முவாய் தாய் என்னும் தாய்லாந்துக் குத்துச்சண்டை. 1945இல் திறந்த அரங்கு. சண்டை தொடங்கும் முன் வீரர்கள் குருவை வணங்கி ஆடும் நடனமும், அதற்கு வாசிக்கும் நாகசுரத்தின் உறவுக்காரனைப் போன்ற குழலும் மத்தளமும் சண்டையைவிட நெஞ்சில் நிற்கும். சுற்று முன்னேற முன்னேற வாசிப்பும் வேகம் எடுக்கும்.

மது அருந்துகிறவர்கள் கவனிக்க: குறைந்தபட்ச வயது 20. வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். புத்த சமயப் புனித நாள்களில் கடைகளில் விற்க மாட்டார்கள். பயணத் தேதியில் அப்படி ஏதும் வருகிறதா என்று பாருங்கள். பாங்காக், பூக்கெட், பட்டாயா, சியாங் மாய், சமுய் ஆகிய இடங்களில் உரிமம் பெற்ற கேளிக்கைக் கூடங்கள் 2023 டிசம்பரிலிருந்து அதிகாலை 4 மணி வரை நடக்கலாம். மொட்டைமாடி மதுக்கூடங்களில் அரைக்கால்சட்டைக்கும் ரப்பர் செருப்புக்கும் அனுமதி இல்லை. விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 7 விழுக்காடு வரியும் தனியாகச் சேரும்.

வாசலில் நின்று 'மாடியில் காட்சி, அனுமதி இலவசம், பானம் 100 பாட்' என்று அழைக்கிறவரின் பின்னால் போகாதீர்கள். சிலோம் சாலையை ஒட்டிய பாட்போங் பக்கம் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. இறங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் வரும், கதவருகே இருவர் நிற்பார்கள். சிக்கிக்கொண்டால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, ஆங்கிலத்தில் பேசலாம். அதே சிலோம் சாலையில் சற்றுத் தொலைவில்தான் தமிழர்கள் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. மாலை பூசை நேரத்தில் அங்கே போனால் கூட்டத்தில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். தட்டில் மஞ்சள் சாமந்தியோடு வரிசையில் நிற்பார்கள்.

சியாங் மாயில் ஒரு ஞாயிறு

நான்கரை மணிக்கே தா பே வாசலுக்கு வந்துவிடுங்கள். ராட்சதம்னோன் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடுச்சாலையில் பாய் விரித்துக் கடை போட்டிருப்பார்கள். விற்கிறவர்களில் பலர் செய்கிறவர்களே. மலைவாழ் மக்களின் பூத்தையல் பைகள், அரக்கு வேலைக் கிண்ணங்கள், மரப்பட்டையில் செய்யும் 'சா' காகிதக் குறிப்பேடுகள். பாங்காக்கில் வாங்காமல் விட்டு வைத்து இங்கே வாங்க வேண்டியவை இவைதான். பசித்தால் வழியில் இருக்கும் கோயில் முற்றங்களுக்குள் போங்கள். சந்தை நாளில் அவை சாப்பாட்டுத் திடல்கள்.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் கேட்கும். அதுவரை தோளோடு தோள் உரசி ஊர்ந்த கூட்டம் அப்படியே நிற்கும். வறுத்துக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைப்பார். காசு எண்ணிய கை பாதியில் நிற்கும். நீங்களும் நில்லுங்கள், கேமராவைத் தூக்காதீர்கள். பண் முடிந்ததும் சாலை விட்ட இடத்திலிருந்து மறுபடி நகரும்.

சனிக்கிழமையே அங்கே இருப்பவர்களுக்கு வுவாலாய் சாலை. வெள்ளித் தட்டான்களின் தெரு அது; பக்கத்துச் சந்தில் வெள்ளிநிறத் தகடு வேய்ந்த ஸ்ரீ சுபான் கோயில். வார நாளில் வந்துவிட்டால் பிங் ஆற்றங்கரையில் உள்ளூர் மக்கள் 'காட் லுவாங்' என்று அழைக்கும் வரோரோட் சந்தைக்குப் போங்கள். தேயிலை, உலர்பழம், மிளகாய்த் துவையல் அங்கே மலிவு.

சைவச் சாப்பாடு

'மங்சவிரட்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். மாமிசம், விரதம் என்று நம் காதுக்கே பழகிய ஒலி. ஆனால் அவர்கள் கணக்கில் மீன் சாறு பல நேரம் இறைச்சியில் சேராது. ஆகவே 'மாய் சாய் நாம் ப்லா', அதாவது மீன் சாறு போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாக 'ஜே' என்று எழுதியிருந்தால் கவலையே வேண்டாம். அங்கே முட்டை, பால், வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

வாங்கக்கூடாதவை

மின் சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். தெருவில் விற்பதைப் பார்த்தாலும் தொடாதீர்கள், பையில் கொண்டும் போகாதீர்கள். கஞ்சாக் கடைகள் கண்ணில் படும்; 2025 ஜூனிலிருந்து மருத்துவர் சீட்டு வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அதை ஊருக்குக் கொண்டுவர நினைப்பது சிறைக்குப் போகும் வழி. புத்தர் சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல நுண்கலைத் துறையின் அனுமதி தேவை. வீட்டு அலங்காரத்துக்காகப் புத்தர் தலை வாங்குவது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும்.

'அரண்மனை இன்று மூடியிருக்கிறது, 20 பாட் கொடுங்கள், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்' என்று நன்றாக உடுத்திய ஒருவர் சொன்னால், அந்தத் துக்துக் போய் நிற்கும் இடம் ஒரு ரத்தினக் கடை. அரசு விற்பனை, இன்று கடைசி நாள், ஊரில் இரட்டை விலைக்கு விற்கலாம் என்பார்கள். மூன்றும் பொய். அரண்மனை திறந்திருக்கிறதா என்பதை அதன் வாசலில் போய்ப் பாருங்கள்.

திரும்பும் நாள்

சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திருப்பித் தரப்படும் என்று அறிவிப்பு ஒட்டிய கடையில், ஒரே நாளில் 2000 பாட்டுக்குக் குறையாமல் வாங்கினால் 7 விழுக்காடு வரியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கிவிட வேண்டும். வாங்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் விமானத்தில் கிளம்ப வேண்டும். சந்தைக் கடைகளில் இது கிடையாது.

விமான நிலையத்தில் வரிசைமுறை தவறிவிடுகிறது பலருக்கு. படிவத்துக்குச் சுங்க முத்திரை தேவைப்பட்டால் முதலில் சுங்க மேசையில் அது. பிறகுதான் பெட்டியைச் செக்-இன் செய்வது. குடியேற்றச் சோதனை தாண்டிய பின் உள்ளே பணம் வாங்கும் சாளரம். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் பட்டும் பில்லும் பெட்டியில் மேலாக இருக்கட்டும். வரோரோட்டில் வாங்கிய மிளகாய்த் துவையல் புட்டிகளைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அவற்றை யானைக் கால்சட்டைகளுக்குள் சுருட்டி அதே பெட்டியின் அடியில் வையுங்கள்.